டீயில் கலர் பார்ப்பவர்களுக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வாரம் தங்கள் நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியில் ஒருவர், இலைத்தேயிலை, கிரீன் டீ, ஒயிட் டீ என்பதெல்லாம் பணம் இருப்பவர்களின் பகட்டு, டீ என்றால் கலர் நன்றாக இறங்க வேண்டும், திக்காக இருக்க வேண்டும், அவ்வளவுதான் என்று எழுதியிருந்தார். அதைப் படித்த நேரத்தில் என் கையில் இருந்தது கலரே இறங்காத டீ. பித்தளைச் செம்பைப் புளி போட்டுத் தேய்த்தால் வருமே, அந்த நிறம். கோபம் வரவில்லை. இருபத்தெட்டு வயது வரை நானும் அதையேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

எனக்குச் சொந்த ஊர் கோட்டையூர். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். 1984-ல் பதவி உயர்வோடு குன்னூருக்கு மாற்றல் போட்டார்கள். வீட்டில் பெரிய ரகளை. பெண்பிள்ளை தனியாக மலைக்குப் போவதா என்று அப்பத்தா இரண்டு நாள் சாப்பிடவில்லை. நான் போனேன். அங்கே எங்கள் கிளையில் பாதி வாடிக்கையாளர்கள் பசுந்தேயிலை போடும் சிறு விவசாயிகள், மீதி தேயிலை வியாபாரத்தைச் சுற்றிப் பிழைப்பவர்கள். அப்படி ஒரு புரோக்கர் அலுவலகத்துக்கு ஏதோ கையெழுத்து வாங்கப் போனபோதுதான் டீ ருசி பார்க்கும் அறையை முதன்முதலாகப் பார்த்தேன்.

ஜன்னலை ஒட்டி நீளமான மேஜை. அதில் வரிசையாக நாற்பது ஐம்பது வெள்ளைக் கிண்ணங்கள். ஒவ்வொரு கிண்ணத்துக்கும் பின்னால் ஒரு சின்ன டப்பாவில் காய்ந்த இலை, கவிழ்த்த மூடியின் மேல் வெந்த இலை, கிண்ணத்தில் சாயம். நடுத்தர வயதுக்காரர் ஒருவர் கரண்டியால் எடுத்து "சுர்ர்ர்" என்று உறிஞ்சுகிறார், வாயில் உருட்டுகிறார், பக்கத்தில் உருட்டிக்கொண்டு வரும் தொட்டியில் துப்புகிறார், அடுத்த கிண்ணம். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் இப்படிப் பார்ப்பார்களாம். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எங்கள் வீட்டில் பாலை உறிஞ்சிக் குடித்தால் அப்பத்தா முதுகில் ஒன்று வைப்பார்கள். இங்கே சம்பளம் கொடுத்து உறிஞ்சச் சொல்கிறார்கள்!

அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. "காற்றோடு சேர்த்து இழுத்தால்தான் வாசம் மூக்கின் பின்பக்கம் போகும், நாக்குக்குத் தெரிவது கொஞ்சம்தான்" என்றார். அப்புறம் மூன்று கிண்ணங்களை என் பக்கம் தள்ளினார். சாயத்தைத் தொடாதீர்கள், முதலில் மூடியில் இருக்கும் வெந்த இலையை மோந்து பாருங்கள் என்றார். மூன்றும் ஒரே தோட்டம். முதலாவது ஜனவரியில் பறித்தது. மல்லிகைப் பந்து வைத்திருந்த பெட்டியை மறுநாள் காலையில் திறந்தால் வரும் வாசம். இரண்டாவது மழைக்காலத்து இலை; நனைந்த வைக்கோல், அவ்வளவுதான். மூன்றாவது நமக்கெல்லாம் தெரிந்த குருணைத் தேயிலை. அதில் வாசம் குறைவு, சாயம் மட்டும் கறுகறுவென்று இருந்தது. அது வரை நான் டீ என்று குடித்தது அந்த மூன்றாவதை மட்டுமே என்பது அப்போதுதான் உறைத்தது.

ஜனவரி இலைக்கு ஏன் அந்த வாசம் என்று கேட்டேன். நீலகிரியில் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும். குளிரில் செடி மெதுவாகத்தான் கொழுந்து விடும். மெதுவாக வளரும் இலையில் வாசனை சேர்ந்துகொள்கிறது. மழையில் மளமளவென்று வளரும் இலையில் அது நீர்த்துப் போகிறது. நம் ஊரில் கோடைக் கத்தரிக்காய்க்கும் மழைக்காலக் கத்தரிக்காய்க்கும் வித்தியாசம் சொல்லத் தெரியாத ஆச்சி யாராவது உண்டா? டீயில் மட்டும் மாதம் கேட்பதில்லை.

கத்தரிக்காய் என்றதும் இன்னொன்று. கிரீன் டீ ஒரு செடி, பிளாக் டீ வேறு செடி என்று நினைப்பவர்கள் படித்தவர்களிலேயே நிறைய. எல்லாம் ஒரே செடி. கத்தரிக்காயை நறுக்கி அப்படியே வைத்தால் கறுத்துப் போகிறது. காற்று படுவதால் வரும் மாற்றம். தேயிலையிலும் அதேதான் நடக்கிறது. பறித்த இலையை வாட வைத்து, உருட்டிக் கசக்கி, காற்றில் முழுதாகக் கறுக்க விட்டுப் பிறகு சூடு காட்டி உலர்த்தினால் பிளாக் டீ. கறுக்க விடாமல் உடனே சூடு காட்டிவிட்டால் கிரீன் டீ. பாதியில் நிறுத்தினால் ஊலாங். இளம் மொட்டை அதிகம் தொந்தரவு செய்யாமல் வாட்டி உலர்த்தினால் ஒயிட் டீ. எந்த இடத்தில் நிறுத்துகிறோம் என்பதுதான் கணக்கு. பாகு பதத்தில் கம்பிப் பதம், உருட்டுப் பதம் இருக்கிற மாதிரி.

குருணைத் தேயிலையைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். 1930-களில் அசாமில் வந்த முறை அது. பற்கள் வைத்த உருளைகளுக்கு நடுவே இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டுகிறார்கள். ஆங்கிலத்தில் அந்த மூன்று வேலைகளின் முதலெழுத்துதான் சி.டி.சி. துகள் சின்னதாக இருப்பதால் சாயம் சட்டென்று இறங்கும், பாலுக்கும் சர்க்கரைக்கும் ஈடுகொடுக்கும். பாய்லர் முன்னால் நிற்கும் டீ மாஸ்டருக்கு அதுதான் சரி. டஸ்ட் என்பதைத் தரையில் கூட்டி அள்ளியது என்று சிலர் நினைக்கிறார்கள். அது சல்லடையில் சலித்தபின் கிடைக்கும் மிகச் சிறிய துகளின் அளவுப் பெயர். இலையின் பக்கம் வரும் ஆரஞ்சு பெக்கோ என்பதும் இப்படித்தான். ஆரஞ்சுப் பழத்துக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. காரைக்குடி பேருந்து நிலையத்தில் இறங்கினால் நானும் ஒரு பால் டீ குடிப்பேன், கூட ஒரு வாழைக்காய் பஜ்ஜியும். அது வேறு பானம், இது வேறு பானம்.

ஆனால் "கலர்" என்று கேட்கிறோமே, அதுதான் வம்பு. கலர் வேண்டும் என்று வாங்குகிறவன் கேட்டால் விற்கிறவன் கலரைத்தான் போடுவான். தேயிலையில் செயற்கை நிறம் சேர்க்க அனுமதி கிடையாது. இருந்தும் சாயம் ஏற்றிய தூள் பிடிபட்டதாகத் தங்கள் நாளிதழிலேயே அடிக்கடி செய்தி வருகிறது. வீட்டில் சோதிப்பதும் சுலபம். வடிதாளை நனைத்து, மேலே கொஞ்சம் தூளைத் தூவி, சற்றுப் பொறுத்துத் தூளைத் தட்டிவிட்டுத் தாளைக் குழாயில் அலசி வெளிச்சத்தில் பாருங்கள். சாயம் சேர்த்ததாக இருந்தால் திட்டுத்திட்டாகக் கறை நிற்கும். நல்ல தூள் பச்சைத் தண்ணீரில் அவ்வளவு அவசரமாகக் கலரைக் கக்காது.

என் வீட்டுக் கதை ஒன்று சொல்கிறேன். தங்கை மகள் கல்யாணத்துக்குச் சம்பந்தி வீட்டு ஆச்சிமார் குடிக்கட்டும் என்று கால் கிலோ டார்ஜிலிங் வாங்கி வைத்திருந்தேன். வசந்தத்தில் பறிக்கும் முதல் கொழுந்து. இந்தியாவில் முதலில் புவிசார் குறியீடு வாங்கிய பொருளே டார்ஜிலிங் தேயிலைதான். நம் கண்டாங்கிச் சேலைக்கு 2019-ல் கிடைத்ததே, அதே குறியீடு. இரண்டாங்கட்டில் சமையல் மாஸ்டரைக் கூப்பிட்டு, கொதித்த தண்ணீரை இலை மேல் ஊற்றி மூன்று நிமிடம் மூடி வைத்து வடித்துவிடுங்கள், பால் வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னேன். தலையை ஆட்டினார். மாப்பிள்ளை அழைப்பு முடிந்து வந்து பார்க்கிறேன், அண்டாவில் பால், இஞ்சி, சர்க்கரை எல்லாம் சேர்ந்து தளபுளா என்று கொதிக்கிறது. மேலே என் டார்ஜிலிங் இலைகள் முருங்கைக்கீரை மாதிரி மிதக்கின்றன. "ஆச்சி, இந்தத் தூள் சரியில்லை. கலரே இறங்கல. அதான் நம்ம தூள் ரெண்டு பாக்கெட் சேர்த்துக் கொட்டிட்டேன், இப்பப் பாருங்க" என்றார், பெருமையாக. கல்யாண வீட்டில் என்ன பேசுவது? ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தேன். இஞ்சி டீ நன்றாகவே இருந்தது.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நானே செய்த கூத்து இதைவிடப் பெரியது. குன்னூரிலிருந்து வந்த புதிதில் தேயிலை டப்பாவை அடுப்படியில் மசாலா அலமாரியில் வைத்துவிட்டேன். பட்டை, அன்னாசிப்பூ, கல்பாசி எல்லாம் இருக்கும் தட்டு. ஒரு மாதம் கழித்து எடுத்துப் போட்டால் டீயில் உப்புக்கறி வாசம். தேயிலை பக்கத்தில் இருக்கிற எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும். மல்லிகை டீ செய்வதே அந்தக் குணத்தை வைத்துத்தான், பூவோடு இலையை அடுக்கி வாசத்தைக் குடிக்க வைப்பார்கள். கல்பாசி டீக்கு உலகத்தில் கிராக்கி இல்லை. அன்றிலிருந்து என் தேயிலை டப்பாக்கள் பட்டகசாலை அலமாரியில் கொலு மாதிரி தனியாக இருக்கின்றன. மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பா போதும். கண்ணாடிப் பாட்டிலில் வெளிச்சம் படும்படி வைத்தால் மூன்று மாதத்தில் வைக்கோல்தான்.

இப்போது தண்ணீர். இதை யாரும் எழுதுவதில்லை. நல்ல இலை வாங்கிவிட்டு, "என்ன ஆச்சி, நீங்கள் சொன்ன வாசமே வரவில்லையே" என்று என்னிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேரின் பிரச்சினை ஆழ்குழாய்த் தண்ணீர்தான். போன ஐப்பசியில் ஒரு மழை நாளில் நானும் என் வீட்டுக்காரரும் உட்கார்ந்து சோதித்தோம். ஒரே நீலகிரி இலை, ஒரே அளவு, மூன்று வெள்ளைப் பீங்கான் கிண்ணங்கள். ஒன்றில் எங்கள் வீட்டு ஆழ்குழாய்த் தண்ணீர். இரண்டாவதில் காரைக்குடியிலிருந்து தங்கை கேனில் கொடுத்தனுப்பிய சம்பை ஊற்றுத் தண்ணீர். மூன்றாவதில் அன்று காலை வளவு முற்றத்தில் அண்டா வைத்துப் பிடித்த மழைத்தண்ணீர். கூரையை நன்றாகக் கழுவி ஓடியபின் பிடித்தது.

ஆழ்குழாய்க் கிண்ணத்தில் இரண்டு நிமிடத்திலேயே கறுப்பாகக் கலங்கி, ஆறியதும் மேலே எண்ணெய்ப் படலம் மாதிரி ஓர் ஆடை. விரலால் தொட்டால் ஓடு மாதிரி விரிசல் விடுகிறது. உப்புத் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பும் டீயின் துவர்ப்பும் சேர்ந்து செய்கிற வேலை. வாசம் என்று ஒன்றும் இல்லை. மழைத்தண்ணீர்க் கிண்ணம் கண்ணாடி மாதிரி, அடியில் கிடந்த சின்னக் கீறல் வரை தெரிந்தது. வாசம் தூக்கலாக இருந்தது, ஆனால் வாயில் ஒரு வெறுமை. சம்பைத் தண்ணீரில் நிறமும் தெளிவு, வாயிலும் நின்றது. என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு மூன்றையும் குடித்து இதைத்தான் காட்டினார். அவர் சாதாரணமாக என் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசுகிறவர், அதனால் அந்தச் சாட்சியை நான் பெரிதாக மதிக்கிறேன். ஊருணி வெட்டி, வீட்டுக்கு வீடு மழையைப் பிடித்து, குடிக்கிற தண்ணீரை ருசி பார்த்தே வாழ்ந்த ஊர்க்காரர்கள் நாம். டீக்கு அந்தத் தண்ணீரைக் கொடுத்தால் என்ன?

ஒரு தடவை கொதித்த தண்ணீரைத் திரும்பத் திரும்பக் கொதிக்க வைக்க வேண்டாம். பிளாக் டீக்குத் தளதளவென்று கொதித்த தண்ணீர், மூன்று நிமிடம். கிரீன் டீக்குக் கொதித்த தண்ணீரை இரண்டு பாத்திரத்தில் மாற்றி மாற்றி ஆற்றி, எண்பது டிகிரிக்குப் பக்கத்தில் வந்ததும் ஊற்ற வேண்டும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் வேப்பங்கொழுந்துதான். ஒரு டம்ளருக்கு இரண்டரை கிராம். கெட்டில் வேண்டும் என்றில்லை, மூடி போட்ட எந்தக் கிண்ணமும் ஆகும். நான் வைத்திருப்பது காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடையில் வாங்கிய பீங்கான் கெட்டில். மூடி வேறு ஏதோ ஒரு கெட்டிலுடையது, கொஞ்சம் ஆடும். அதனால்தான் மலிவாகக் கிடைத்தது.

எது எது குடித்திருக்கிறேன் என்று கேட்பவர்களுக்காக: டார்ஜிலிங்கில் மே, ஜூன் மாதத்து இரண்டாம் பறிப்பு எனக்கு முதல் பறிப்பைவிடப் பிடிக்கும். அதில் வரும் வாசத்தை ஆங்கிலத்தில் மஸ்கட் திராட்சை என்கிறார்கள். என்னவோ எதுவோ என்று நினைத்திருந்தேன்; கம்பம் பன்னீர் திராட்சையின் ரகமே மஸ்கட்தான் என்று தெரிந்தபிறகு மோந்து பார்த்தேன், அதேதான். இலையைச் சின்னஞ்சிறு பச்சைப் பூச்சி ஒன்று கடிப்பதால் செடிக்குள் ஏற்படும் மாற்றம் அந்த வாசத்தைக் கொண்டுவருகிறதாம். பூச்சி அரித்த காயைத் தூக்கி எறிகிற எனக்கு இது இன்னும் ஜீரணமாகவில்லை. இந்த டீக்குச் சீப்புச்சீடை தோதாக இருக்கும்.

அசாம் இலைக்கு வறுத்த கோதுமை மாதிரி ஒரு கனம் உண்டு. கும்மாயம் என்ற எங்கள் பக்கத்து இனிப்பைச் சாப்பிட்டபின் அதுதான் நிற்கும், மற்றதெல்லாம் தோற்றுவிடும். ஆனால் ஆறினால் கலங்கிப்போகும். நீலகிரி கலங்காது. ஒருநாள் முகப்புத் திண்ணையில் வைத்து மறந்துபோன நீலகிரி டீயை மூன்று மணி நேரம் கழித்து எடுத்தேன், அப்படியே தெளிந்து கிடந்தது. சித்திரை வெயிலில் அதைப் பானைத் தண்ணீரில் குளிர வைத்து, எலுமிச்சை இரண்டு சொட்டு விட்டுக் குடிப்பதற்கு நிகராக எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

சிங்கப்பூரில் இருக்கும் அக்கா மகன் தியே குவான் யின் என்று ஓர் ஊலாங் கொண்டுவருவான். சீனாவின் பூஜியன் மாகாணத்தில் விளைவது. பார்த்தால் கொஞ்சம் பெரிய மிளகு மாதிரி உருண்டை. தண்ணீர் ஊற்றினால் ஒவ்வொன்றும் சோம்பல் முறிப்பது போல மெதுவாக விரிந்து, கடைசியில் காம்போடு முழு இலை. ஐந்து தடவை தண்ணீர் ஊற்றலாம், ஒவ்வொரு தடவையும் வேறு ருசி, மூன்றாவதுதான் உச்சம். ஜப்பான் கிரீன் டீ எனக்கு ஆகவில்லை. ஆவியில் அவித்து உலர்த்துவார்களாம், எனக்கு அது அகத்திக்கீரை அவித்த தண்ணீர். தங்கை அதையே தினமும் குடிக்கிறாள், அவரவர் வாய். பைன் விறகுப் புகையில் உலர்த்திய சீனத் தேயிலை ஒன்றும் வந்தது. பொட்டலத்தைப் பிரித்ததும் என் வீட்டுக்காரர் "யார் வீட்டில் கருவாடு சுடுகிறார்கள்?" என்று வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

இலங்கைத் தேயிலையைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீட்டி எழுத அனுமதியுங்கள். கண்டிக்குப் பக்கத்தில் 1867-ல் ஜேம்ஸ் டெய்லர் என்பவர் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். அடுத்து வந்த ஆண்டுகளில் இலைநோய் வந்து காபித் தோட்டங்கள் அழிய, மலை முழுக்கத் தேயிலை ஆனது. கொழும்பு செட்டியார் தெருவில் வட்டிக்கடை வைக்க எங்கள் ஆட்கள் போனார்கள். கொழுந்து பறிக்க இதே ராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து மண்டபம் முகாம் வழியாகக் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். இவ்வளவு சம்பந்தம் இருந்தும் நம் ஊரில் ஒருவருக்கும் நுவரெலியா டீ எப்படி இருக்கும் என்று தெரியாது.

எங்கள் வளவுக்குப் பின்னால் ஓர் அக்கா குடியிருந்தார். சிலோன்காரம்மா என்று தெருவில் கூப்பிடுவார்கள். 1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் அனுப்பப்பட்டு, எழுபதுகளில் இங்கே வந்து சேர்ந்தவர். அட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் பத்து வயதிலிருந்து கொழுந்து பறித்தவர். டீ என்று சொல்ல மாட்டார், தேத்தண்ணி. பால் கிடையாது. உள்ளங்கையில் கொஞ்சம் சீனியை வைத்துக்கொண்டு, ஒரு நக்கு, ஒரு வாய் தேத்தண்ணி. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் அவரிடம் அதைக் கற்றுக்கொண்டு அம்மாவிடம் அடி வாங்கினார்கள்.

தொண்ணூறுகளில் ஒருமுறை உறவுக்காரர் ஒருவர் கொழும்பிலிருந்து நுவரெலியா இலை கொண்டுவந்தார். ஆறாயிரம் அடிக்கு மேல் விளைவது; வெளிர் ஆரஞ்சு நிறம், எலுமிச்சைத் தோலை நகத்தால் கீறியது போல ஒரு வாசம். அந்த அக்காவைக் கூப்பிட்டு ஒரு டம்ளர் கொடுத்தேன். ஏதாவது சொல்வார், கண் கலங்குவார் என்று நான் எதிர்பார்த்திருந்தேன், பொய் சொல்வானேன். அவர் டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, வடிகட்டியில் கிடந்த இலையை எடுத்துத் தரையில் போட்டு விரலால் நீவி விரித்தார். "இது கொழுந்து. இதுவும் கொழுந்து. இது முத்தின இலை. இதைப் பறிச்சா கங்காணி கூடையோட கொட்டிருவான்" என்றார். மூன்றை ஒதுக்கி வைத்தார். "இந்தத் தூள் எங்களுக்குக் குடுக்க மாட்டாங்க. சலிச்சு விட்டதுதான் எங்களுக்கு" என்று சொல்லிவிட்டு, சீனி கொஞ்சம் இருக்கா என்று கேட்டார். அந்த அம்மா காலமாகிப் பத்து வருடம் ஆகிறது. இன்றும் டீ வடித்ததும் இலையை விரித்துப் பார்க்காமல் நான் கொட்டுவதில்லை. ரெண்டு இலை ஒரு மொட்டு முழுதாக இருக்கிறதா, காம்பு எத்தனை, முற்றியது எத்தனை. கலரைவிட அது உண்மை சொல்லும்.

இனி பணக்காரர் பகட்டு என்ற விஷயம். நான் வாங்குகிற நீலகிரி இலை நூறு கிராம் 280 ரூபாய். டம்ளருக்கு இரண்டரை கிராம் என்றால் நாற்பது டம்ளர், டம்ளர் 7 ரூபாய். அதே இலையில் இரண்டாம் முறை தண்ணீர் ஊற்றினால் இன்னும் குறைவு. பால் செலவு, சர்க்கரைச் செலவு இல்லை. எங்கள் தெருமுனைக் கடையில் டீ 15 ரூபாய். எது பகட்டு என்று அந்த வாசகரே கணக்குப் போடட்டும்.

பகட்டு வேறு இடத்தில் இருக்கிறது. அழகான டப்பா, ரோஜா இதழ், வெண்ணிலா வாசம் என்று ஆன்லைனில் விற்கிறார்கள். ஒருமுறை அப்படி ஒன்றை ஆசைப்பட்டு வரவழைத்தேன். வாசனைத் திரவியத்தைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் உள்ளே எப்போதோ பறித்த பழைய இலை. எந்தத் தோட்டம், எந்த மாதம், ஒன்றும் டப்பாவில் இல்லை. கேட்டதற்குப் பதிலும் இல்லை.

அதனால் தங்கள் நாளிதழ் மூலம் நான் கேட்பது இரண்டுதான். நம் பக்கத்து மளிகைக் கடைக்காரர்கள் நீலகிரி இலைத்தேயிலையில் ஒரு ரகமாவது ஐம்பது கிராம் பொட்டலமாக வைத்து, பறித்த மாதத்தை ஒட்டி விற்க வேண்டும். ராத்திரி பஸ் ஏறினால் மறுநாள் மேட்டுப்பாளையம். அவ்வளவு பக்கத்தில் விளைகிறது, நமக்கு வந்து சேருவது குருணை மட்டும். இரண்டாவது, பழைய வீடுகளைத் தங்கும் விடுதிகளாக மாற்றியிருக்கிறவர்களுக்கு. பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடித் தரை, முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுவர் என்று விருந்தாளிக்கு ஒரு மணி நேரம் சுற்றிக் காட்டுகிறீர்கள், சரி. கடைசியில் உட்கார வைத்து நூல் கட்டிய காகிதப் பையை வெந்நீரில் முக்கிக் கொடுக்கிறீர்கள். எங்கள் உறவுப் பையன் ஒருவன் வெளிநாட்டு நண்பர்களோடு போய் அப்படிக் குடித்துவிட்டு வந்து என்னிடம் முறையிட்டான். அங்கேயும் இலை போட்டே டீ கொடுங்கள்.

பர்மா தேக்கு என்றதும் எங்கள் ஐயா (தாத்தா) ஞாபகம் வருகிறது. ரங்கூன் மொகல் தெருவில் கடையில் இருந்து, 1942-ல் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வந்தவர். சாப்பிட்டு முடித்ததும் தண்ணீருக்குப் பதில் பால் சேர்க்காத டீ கேட்பார். அங்கே கடைகளில் பச்சைத் தேயிலைத் தண்ணீர் மேஜைக்கு மேஜை சும்மா வைத்திருப்பார்களாம், காசு கிடையாதாம். தேயிலையைப் புளிக்க வைத்து, வறுத்த பூண்டு, கடலை, எள் போட்டுப் பிசைந்து தின்பார்கள் என்று சொல்வார். லபெட் என்று பெயர். டீயை யாராவது தின்பார்களா, ஐயா கதை விடுகிறார் என்று நாங்கள் சிரிப்போம். கோட்டையூரில் கிடைத்த தூளில் அப்பத்தா வரட்டீ போட்டுக் கொடுப்பார்கள். ஒரு வாய் குடித்துவிட்டு, "இது அது இல்லை" என்பார். தினமும் குடிப்பார், தினமும் சொல்வார். ஐந்து வருடத்துக்கு முன்னால் யாங்கோன் போய்வந்த ஒருவர் லபெட் ஒரு பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தார். பிசைந்து ஒரு வாய் போட்டேன். மாவடு ஊறிய மாதிரி ஒரு புளிப்பு, பின்னால் டீயின் துவர்ப்பு. ஐயா கதை விடவில்லை.

கடிதம் நீளம் என்று தெரியும். இடம் இல்லாவிட்டால் கல்யாணக் கதையை எடுத்துவிடுங்கள், தண்ணீர் பகுதியை மட்டும் வெட்ட வேண்டாம். என் பெயரையும் போட வேண்டாம். அந்த மாஸ்டர் தங்கள் நாளிதழைத் தவறாமல் வாசிப்பவர். வருகிற தையில் எங்கள் வீட்டில் இன்னொரு கல்யாணம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வங்கி ஊழியர்,
கோட்டையூர், சிவகங்கை மாவட்டம்.